கையுறை விரியாத காலை

காலை பத்து இருபதுக்கு என் மகனின் கையுறை விரியவில்லை.

பக்கவாதத்தில் அவனுடைய வலக்கை விழுந்ததிலிருந்து, ஆவடியிலிருந்து பூந்தமல்லி சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போகிறேன். தலையில் கம்பிகள் வைத்த தொப்பி மாட்டுவார்கள். கையை விரிக்க வேண்டுமென்று அவன் நினைத்தால் போதும். அப்போது மூளையில் எழும் மின் அலையைத் தொப்பி பிடித்து, கையில் மாட்டிய இயந்திரக் கையுறையை விரிக்கும். சில வாரங்களாக விரிந்துகொண்டுதான் இருந்தது.

"நெனைக்கிறேம்மா, வரமாட்டேங்குது" என்றான். உதவிக்கு இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "டாக்டரக் கூப்பிடறேன்" என்று ஓடினாள். மறுபடியும் பக்கவாதம் வந்துவிட்டதா?

"சிரிடா, வாய் கோணுதான்னு பாக்கறேன்."

"இன்னாம்மா, மூளைல கரண்ட் கட்டா?" என்று சிரித்தான். வாய் கோணவில்லை. பயமும் போகவில்லை.

டாக்டர் வந்தார். தொப்பிக்கடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"எண்ணெ வெச்சீங்களாம்மா?"

கம்பி மாட்டினால் தலை சூடாகுமென்று அன்று காலை நல்லெண்ணெயை அழுந்தத் தேய்த்திருந்தேன்.

"அவன் நல்லாத்தான் நெனைக்கிறான். எண்ணெ இருந்தா மிஷினுக்குக் கேக்காது. அலசிட்டு வாங்க."

அலசியதும் கையுறை விரிந்தது. இருந்தாலும், இன்றும் அவன் சும்மா உட்கார்ந்திருந்தால், பேச்சு குழறுகிறதா என்று பார்க்க, "ஏதாவது பேசுடா" என்கிறேன்.