தறி வீட்டின் இரண்டு தட்டு

சனிக்கிழமை காலை. சென்னை சென்ட்ரலில் திருத்தணி மின்சார ரயில் புறப்படுவதற்குள்ளேயே மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன். மடியில் என் மகள் இனியா. மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். ‘குழந்தையோடு நிறையப் பேசுங்கள்’ என்றார்கள். நானும் காலையிலிருந்து இரவு வரை வானொலி மாதிரி பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பேச்சு வந்தால் போதும் என்று அவள் முடியைத் திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகொண்டவர் என் கணவர். விடுப்பு கிடைக்காமல் சென்னையிலேயே தங்கிவிட்டவரும் அவர்தான்.

எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகிற ரயிலுக்கு இருபது ரூபாய் டிக்கெட். திருத்தணி பேருந்து நிலையத்தில் திருப்பதிப் பேருந்துகள்தான் வந்துகொண்டே இருந்தன. அம்மையார்குப்பம் டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. நடத்துநர் இனியாவின் கன்னத்தைத் தட்டினார்.

“பாப்பா, உன் பேர் இன்னா?”

“இனியா” என்றேன்.

“எந்த ஊர்ல இருந்து வர்றே?”

“சென்னை” என்றேன்.

“நான் பாப்பாவ கேட்டுகினு இருக்கேன், நீங்களே பதில் சொல்லிகினு வர்றீங்களேம்மா!” என்று சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆர்.கே.பேட்டை தாண்டும் வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன்.

அம்மையார்குப்பத்தில் என் கணவரின் அக்கா வீடு; இரவு அங்கே தங்கி, மறுநாள் திருத்தணி மலைக்குப் போவதாக ஏற்பாடு. முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. “நல்லா இருக்கீங்களா அண்ணி?” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணி வந்து என் தோளில் இரண்டு தட்டு தட்டினார். நான் திரும்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் கையை அசைத்தார்: உட்கார், சாப்பிடு. அந்த வீட்டில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். இரண்டு தட்டு, முகம் திரும்பும் வரை காத்திருப்பு, பிறகு கையாலும் உதட்டசைவாலும் பேச்சு. கட்டைவிரல் வாய்க்குப் போனால் தண்ணீர். ஐந்து விரலும் குவிந்தால் சோறு. உள்ளங்கை நிமிர்ந்தால் நிறுத்து. அண்ணியின் ஐந்து வயது மகள் புவனா இதையெல்லாம் இனியாவிடம் செய்து காட்ட ஆரம்பித்தாள். அண்ணியைத் தெருவுக்கு இழுத்து வந்தேன்.

“நாங்க திருத்தணியில ரூம் எடுத்துத் தங்கிக்கிறோம் அண்ணி. சைகையே பழகிட்டா இவ வாயே திறக்க மாட்டா.”

“இன்னாம்மா நீ, வந்த கால்லயே நின்னுகினு! எங்க புள்ளைங்க ஊமையாவா கீதுங்க? இந்த புவனா வாய மூடத்தான் எங்களால முடியல. என் தம்பியும் இதே தறிக்கு நடுவுலதான் வளந்தான். பேசாமயா உன்னைக் கட்டிகினான்?”

பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே உள்ளே போய் உட்கார்ந்தேன். அடுத்த பஸ் எப்போது என்று நான்கு பேரிடமாவது கேட்டிருப்பேன்.

சாயங்காலம் வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு இனியாவிடம் போனேன். அவள் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். புவனாவின் முதுகில் இரண்டு தட்டு. புவனா திரும்பினாள். இனியாவின் கட்டைவிரல் வாய்க்குப் போயிற்று. அவள் பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் தாகத்துக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடும். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. மூன்று வருடம் விடாமல் பேசிய என்னிடம் கேட்காததை, காலையில் பார்த்த ஒரு குட்டியிடம் கேட்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. அன்று அங்கேயே தங்கினோம்.

ஞாயிறு காலை மலைக்கு ஆட்டோவில் போனோம். கத்தி தலையில் பட்டதும் இனியா ஊரைக் கூட்டினாள். பாதி மொட்டையில் திடீரென்று அழுகையை விழுங்கிக்கொண்டு, முடி எடுப்பவரின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நிமிர்த்தினாள்.

“நிறுத்தணுமா பாப்பா? ஆங், நிறுத்திட்டேன், பாரு” என்று அவர் கத்தியை மடக்கிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு தானாகவே கையை இறக்கித் தலையைத் தாழ்த்தினாள்.

மாலை சென்ட்ரலில் என் கணவர் நின்றிருந்தார், கண் செல்போனில். “என்ன, ஏதாவது பேசினாளா?” என்றார், நிமிராமலேயே. நான் வாயைத் திறப்பதற்குள் இனியா போய் அவர் தொடையில் இரண்டு தட்டு தட்டினாள்.

செல்போன் பைக்குள் போனது. நடைமேடையில் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேரே முகம் வைத்திருந்தார். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் ஐந்து விரலைக் குவித்து, சோறா என்று கேட்டார். அவள் மொட்டைத் தலையை ஆட்டி, மறுபடியும் கட்டைவிரலைக் காட்டினாள். இந்த மனிதர் எங்கள் வீட்டில் ஒருநாளும் இப்படிக் குனிந்ததில்லை. எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது. முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

அவர் என்னைக் கைகாட்டினார். பாட்டில் என் பையில் இருந்தது. பழக்கத்தில் உள்ளே போன கையை வெறுமனே வெளியே எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றேன். இனியா கூட்டத்துக்கு நடுவே நுழைந்து என்னிடம் வந்தாள்.

முழங்காலில் இரண்டு தட்டு. குனிந்தேன்.