காலி வண்டியின் குலுக்கம்

இங்கே பூஜ்ஜியத்தைக் கோசோங் என்கிறார்கள். தொலைபேசி எண்ணில் வருகிற பூஜ்ஜியம் கோசோங். சீனி போடாத தேநீர் கோசோங். ஆளில்லாத நாற்காலியும் கோசோங். மலேசியாவில் ஜொகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நான்கு வருடமாகியும், இந்தச் சொல் எந்தப் பக்கமிருந்து வந்து நிற்கும் என்று எனக்குத் தெரிவதில்லை. சென்ற மாதம் குளுவாங்கில் ஒரு பட்டறையில் அது வந்து நின்ற விதத்தை ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல இங்கே வந்து பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது.

என் கணவர் குணா காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. இங்கே அதை ஃபோர்வீல் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே பின்பக்க வில்பட்டைகளோடு ஒன்று கூடுதலாகப் போட்டு, பெரிய டயர் மாட்டி, வண்டியை உயர்த்தி வைத்திருந்தார். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் நான் ஏறுவேன். குலுக்கத்தைத் தாங்குகிற அப்சார்பர் நான்கும் எப்போதோ செத்துவிட்டிருந்தன. ஒரு மழைநாளில் தோட்டத்துச் செம்மண் வளைவில் வண்டியின் பின்பக்கம் துள்ளி, வழுக்கிக்கொண்டே போய்க் கால்வாய் ஓரத்தில் நின்றது. எங்கள் மூன்று வயது மகள் மகிழின் வாய் முன் இருக்கையின் முதுகில் மோதி உதடு கிழிந்தது.

"அப்சார்பர் போயிடுச்சு லா. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்," என்றார் குணா. அவர் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை என் கையில் இருந்தாள். அடிபட்ட பிறகு தூக்கியதாக நினைத்துக்கொண்டார். உண்மையில் அதற்குச் சற்று முன்பே, அழுகிறாளே என்று, பின்னிருக்கையில் அவளுடைய குழந்தை இருக்கையின் பெல்ட்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தேன்.

தேனியிலிருந்து மதுரைக்குப் போகும் பேருந்தில் அம்மா என்னை மடியில்தான் வைத்திருப்பாள். ஓட்டுநர் பிரேக் போட்டால், முன்னாலிருக்கும் கம்பிக்கும் என் நெற்றிக்கும் நடுவில் அவள் உள்ளங்கை வந்துவிடும். எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிடும். மடியைவிடப் பத்திரமான இடம் இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கையே கற்றுக்கொண்டது. என் உள்ளங்கை அன்று வரவில்லை. அம்மாவிடம் பிள்ளை விளையாடும்போது விழுந்துவிட்டாள் என்று சொல்லிவைத்தேன்.

குளுவாங் பட்டறைக்காரர் லிம் அங்கிள், அறுபதைத் தாண்டிய சீனர். சக்கரம் தரையில் இருக்கும்போது ஒருமுறை, ஜாக்கியில் தூக்கித் தொங்கவிட்டு ஒருமுறை, அளவு நாடா பிடித்துப் பார்த்தார். உயர்த்திய வண்டிக்குப் பழைய நீளம் போதாதாம். அளந்த நீளத்துக்கு இரண்டு வகை அப்சார்பர் எடுத்து வைத்தார். ஒன்று விறைப்பானது, பாரத்துக்கு. மற்றது மிருதுவானது. குணாவின் கை விறைப்பானதற்குத்தான் போனது. அவருடைய கூட்டாளிகள் எல்லாம் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

"நான் உரம் ஏத்துவேன் அங்கிள், மூட்டை மூட்டையா."

பக்கத்துக் கடைக்கு யாரோ தேநீர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லிம் என் பக்கம் திரும்பி, மலாயில், "செலாலு கோசோங் கா?" என்றார்.

"கூலா சிக்கிட், அங்கிள்," என்றேன். சீனி கொஞ்சம் போடுங்கள் என்று.

பட்டறையே சிரித்தது. "அலமாக்! உன் டீயக் கேக்கல மா, வண்டியக் கேக்குறாரு. எப்பவும் காலியாவா ஓடுதுன்னு," என்றார் குணா. நானும் சிரித்தேன்.

லிம் சிரிப்பை முடித்துக்கொண்டு விளக்கினார். தினம் பாரம் ஏற்றினால் விறைப்பானது நல்லது. காலி வண்டிக்கு அதைப் போட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் பின்பக்கத்தைத் தூக்கி எறியும். பிறகு வண்டியின் பின்தட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. "பாவா ஆங்கின் சாஜா," என்று குணாவைச் சீண்டினார். காற்றை மட்டும்தான் ஏற்றுகிறாயாக்கும்.

குணா என்னைப் பார்த்தார். உரம் தோட்டத்து லாரியில்தான் போகிறது என்பது எனக்குத் தெரியும். அவருக்காகப் பேசாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். மகிழ் தன் உதட்டுத் தழும்பை நக்கிக்கொண்டிருந்தாள்.

"கோசோங்தான், அங்கிள். நானும் பிள்ளையும் மட்டும்."

குணா பிடரியைச் சொறிந்துகொண்டு மிருதுவானதை எடுத்துக் கொடுத்தார்.

சக்கரங்களைக் கழற்றும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய பொய்யை நாலு பேர் முன்னால் உடைத்துவிட்டு என்னுடையதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"என்னங்க, அன்னைக்கு பெல்ட்ட அவுத்தது நான்தான். அழுதாளேன்னு மடியில வெச்சிருந்தேன்."

அவர் மகிழின் உதட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்மா சொல்லல?"

"அப்சார்பர்னு நீங்களே சொன்னீங்க. அப்படியே விட்டுட்டேன்."

"அதுவும் செத்துதான் கிடந்துச்சு," என்றார். அது மன்னிப்பா, மனத்தாங்கலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்துபோய்ப் பிள்ளையின் இருக்கை பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

திரும்பும் வழியில், அதே செம்மண் வளைவுக்கு முன், அம்மா காணொளியில் அழைத்தாள். முன்பெல்லாம் படம் ஆடுகிற ஆட்டத்திலேயே நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

"வண்டி எங்கடி நிக்குது?"

"நிக்கலம்மா, ஓடுது."

மகிழ் பெல்ட்டுக்குள் நெளிந்து, என்னிடம் கைகளை நீட்டி அழத் தொடங்கினாள்.

"பச்சப் புள்ளயப் போய்க் கட்டிப் போட்டிருக்க! அவுத்து மடியில வச்சுக்கிறுவியா..."

குணாவின் கண்கள் கண்ணாடியில் உயர்ந்து என்னைப் பார்த்தன. ஒரு கையில் அம்மாவின் முகம். மற்றொரு கை தானாகவே மகிழின் பெல்ட் கொக்கிக்குப் போய்விட்டிருந்தது. வளைவு முடியும்வரை அதைத் திறக்காமல், கையை எடுக்கவும் முடியாமல், அப்படியே மூடிப் பிடித்திருந்தேன்.