மூன்றாவது மணி

என் கணவர் மூன்று வாரத்தில் வருவதாகச் சொல்லிப் போனார். போன இடம் அமெரிக்கா. திரும்ப முடியாமல் நின்ற இடமும் அமெரிக்கா. நடுவில் எந்த இடத்தில் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார் என்று கடலுக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. டெக்சாஸில் இர்விங், மாடியில் ஒரு அபார்ட்மென்ட். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் எங்கோ ஒரு வரிசையில் காத்துக்கிடந்தது. அப்போதுதான் அவருடைய ஆபீஸ் அவரை அமெரிக்கன் சமோவாவுக்கு அனுப்பியது. ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் நடுவே, பூமத்திய ரேகைக்குக் கீழே, மழையில் ஊறிய பச்சை மலைகள். அங்குள்ள மருத்துவமனைக்குக் கணினி பொருத்தும் வேலை.

தீவுக்குள் நுழையத் தனியாக ஓர் அனுமதித் தாள் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கோ உறுத்தியது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் சனிக்கிழமை பாட்லக்கில் பேச்சை எடுத்தேன். எங்கள் கூட்டத்தில் விசா சந்தேகங்களுக்கெல்லாம் ஒரு அங்கிள் இருந்தார். அவர் எலுமிச்சை சாதத்தை அப்பளத்தால் வழித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"ஃப்ளாக் நம்ம ஃப்ளாக். டாலர் நம்ம டாலர். தபால் போட்டா லோக்கல் ஸ்டாம்ப்பு. அப்புறம் என்னம்மா?"

"அப்ப எதுக்கு அங்கிள் தனியா பர்மிட்?"

"ஃபார்மாலிட்டி. சின்ன ஊர்ல ஆபீசருக்கும் ஏதாவது வேலை வேணுமில்ல? நீ தைரியமா போயிட்டு வாப்பா. வரும்போது டூனா டின் எடுத்துட்டு வந்துடாத, இங்க எல்லாம் வெஜிடேரியன்."

எல்லோரும் சிரித்தோம். என் கணவரும் சிரித்துக்கொண்டே தீவுக்குப் போனார்.

வேலை முடிந்து திரும்பும்போது, தீவின் விமான நிலையத்தில் கவுன்ட்டர் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். விசா முத்திரை காலாவதி. அமெரிக்கப் பெருநிலத்துக்குள் இருக்கும்வரை அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம். ஆனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது அமெரிக்கா இல்லை. அங்கே கால் வைத்தவர் நாட்டைவிட்டுப் போனவர். திரும்பி வர முன்கூட்டி அனுமதி வாங்காமல் போனதால், வரிசையில் கிடந்த எங்கள் விண்ணப்பத்தை அவரே கைவிட்டதாக அர்த்தம். விமானம் அவரில்லாமல் ஹோனலூலுவுக்குக் கிளம்பியது.

எங்கள் சாப்பாட்டு மேசையில் மகளுக்காக வாங்கிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று உண்டு. அமெரிக்க வரைபடம் போட்டது. அதன் மூலையில் அலாஸ்காவையும் ஹவாயையும் சின்னச் சின்னப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். "வேர் இஸ் அப்பா?" என்று கேட்டாள். ஹவாய்ப் பெட்டியிலிருந்து விரலைக் கீழே இழுத்தேன். விரிப்பு முடிந்து, விரல் வெறும் மரத்துக்கு வந்தது. அங்கே நிறுத்தினேன்.

அவள் குனிந்து மரத்தையே பார்த்தாள். "தேர்ஸ் நத்திங் தேர், அம்மா."

மறுநாளிலிருந்து தட்டு வைக்கும்போது அந்த இடத்தைத் தவிர்த்தாள். நானும்தான்.

மாலை ஐந்துக்கு அவர் கூப்பிடுவார், அங்கே நடுப்பகல். "எப்ப வருவீங்க?" என்பேன். பதிலுக்கு முன்னால் என் குரலே, கொஞ்சம் ஈரமாகி, "எப்ப வருவீங்க" என்று திரும்பி வரும். என் கேள்வி தீவைத் தொட்டுவிட்டு, அங்கே யாரும் இல்லை என்று திரும்பிவிட்டது போல. அதற்கப்புறம்தான் அவர்.

"இங்க பொறந்தவங்களே சிட்டிசன் கெடையாதாம். வெறும் நேஷனலாம். நான் தங்கியிருக்கற வீட்டுக்காரம்மா சொல்றாங்க. சிட்டிசன் ஆகணும்னா அவங்களும் அங்க வந்து குடியிருந்து அப்ளை பண்ணணுமாம்."

"வரிசையில நமக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எதிரொலி முடிந்த பிறகு அவர் சிரித்தது கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது. "சாயங்காலம் இங்க மணி அடிப்பாங்க. பழைய கேஸ் சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, அதைத் தட்டுவாங்க. மொத மணிக்கு எல்லாரும் வீட்டுக்குள்ள போயிடணும். ரெண்டாவது மணிக்கு ஜெபம். ரோட்டுல மாட்டினவன் அங்கயே நிக்கணும். மூணாவது அடிச்சாதான் நகரலாம். நேத்து மாட்டிக்கிட்டேன். கடல் ஒரு பக்கம், மலை ஒரு பக்கம். ஒருத்தர் மூச்சு விடற சத்தம்கூட இல்ல. மூணாவது மணி அடிக்காமலே போயிடுமோன்னு தோணிச்சு."

பக்கத்துச் சமோவா தனி நாடு. அதன் வழியாக ஆக்லாந்து, அங்கிருந்து சென்னை. தூதரக வாசலில் நின்று புது முத்திரை வாங்கி, சில மாதம் கழித்து வந்து சேர்ந்தார். வேலை இருந்தது. விண்ணப்பம் மட்டும் முதலிலிருந்து, வரிசையின் வாலிலிருந்து. பாட்லக்கில் அங்கிள், "நான்தான் அப்பவே லாயரைக் கேக்கச் சொன்னேனே" என்றார்.

வந்தவர் முழுதாக வரவில்லை. பொழுது சாயும் வேளையில், எங்கே இருந்தாலும் நின்றுவிடுவார். பார்க்கிங்கில், கையில் சாவியோடு. லாண்டரி அறை வாசலில், துணிக்கூடையோடு. தோளைத் தொட்டால், "ஒண்ணுமில்ல, இதோ" என்பார். அந்த 'இதோ' வர நேரமாகும். முகத்தில் மலை நிழல் விழுந்திருப்பது போல எனக்கு ஒரு மயக்கம். இர்விங்கில் ஏது மலை.

கார்டு வந்தது புது நூற்றாண்டு பிறந்த பிறகு. தபால்பெட்டி வரிசையிலிருந்து உறையோடு வந்தவர் பாதிப் படியில் நின்றுவிட்டார். வானம் செம்மண் நிறம். நான் மேலே கதவைத் திறந்துகொண்டு நின்றேன். "வாங்க" என்றேன். வரவில்லை.

தீவின் மணிக் கதையை அப்பாவிடம் பலமுறை கேட்டிருந்த மகள் உள்ளே போனாள். கிச்சன் அலமாரியின் ஒரு தட்டுதான் எங்கள் பூஜையறை. கற்பூரம் ஏற்றினால் ஸ்மோக் அலாரம் கத்தும் என்பதால் பூஜையென்றால் மணி மட்டும்தான். அந்தப் பித்தளை மணியை எடுத்து வந்து, வாசலில் நின்று ஒரு தடவை அடித்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மீதிப் படிகளை ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்தார். விரிப்பின் மேல் வைக்கவில்லை. ஹவாய்ப் பெட்டிக்குக் கீழே, இடது பக்கம், வெறும் மரத்தில்.