பிரான்சு கவிழ்ந்த அன்று வெல்லம் கொடுத்தவள்

ஆனி மாத வெயிலில் மணப்பட்டுக் கடற்கரை மணல் உள்ளங்காலைப் பொசுக்கும் என்பது, பாகூர் ஏரித்தண்ணீரையும் வரப்புச் சேற்றையும் மிதித்து வளர்ந்த எனக்கு ஒன்பது வயதில்தான் தெரிந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் கால் மாற்றிக் கால் துள்ளிக்கொண்டே பின்னால் போனேன். அவளுக்கு அந்தச் சூடு உறைத்ததாகவே தெரியவில்லை. கிருமாம்பாக்கம் தாண்டியதிலிருந்து அவள் எங்கேயும் நிற்கவில்லை.

எதற்காக ஓடினோம் என்பது புரிய எங்கள் ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களை ஆண்டது பிரெஞ்சு சர்க்கார்தான், ஆனால் பிரான்சு என்றொரு நாட்டை எங்கள் தெருவில் யார் கண்டது? கடலில் போகும் ஆங்கிலேயர் கப்பலை 'இங்கிலீசு' என்றும் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் 'பிரான்சு' என்றும் சொல்லிப் பழகிய சனம் நாங்கள். 'பிரான்சு வந்துட்டுதா' என்று கேட்டால், புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கப்பல் வந்துவிட்டதா என்று அர்த்தம். என் அப்பா, கடலுக்கு அப்பால் அதே பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோன் துறைமுகத்தில் காவல் வேலையில் இருந்தார். அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தபோது கப்பலேறியவர், நான்கு வருஷமாக எங்களுக்குக் கடுதாசியில் மட்டும் அப்பா. 'ஆனிக் கடைசியில் பிரான்சில் ஏறி வருகிறேன்' என்று அவர் எழுதியிருந்ததை, எழுத்துத் தெரியாத அம்மா கடைத்தெருச் செட்டியாரிடம் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

அதே செட்டியார்தான் அன்று காலை புதுச்சேரியில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பியவர், வண்டியை விட்டு இறங்காமலே, "பிரான்சு கவுந்துடுச்சாம்" என்று தெருவுக்குச் சொன்னார். செருமானியன் படையெடுத்து வந்து அங்கே அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது என்பது அவர் சொல்ல வந்த சேதி. அரசாங்கமும் கவிழும், கப்பலும் கவிழும். அம்மாவுக்குத் தெரிந்தது கப்பல் ஒன்றுதான். களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடல் சமாசாரம் கேட்க மணப்பட்டு மீன்காரர்களை விட்டால் எங்களுக்கு வேறு யாரைத் தெரியும்?

கரையில் வலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அம்மா பதறியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"கப்பலுக்கு ஒண்ணும் ஆவலக்கா. நாடுதான் கவுந்துட்டுது. மேரில கொடியப் பாதியில எறக்கி வெச்சிக்கிறாங்க, நானே பாத்தேன்."

'மேரி' என்பது எங்கள் பக்கத்தில் ஊர் நிர்வாகம் நடத்தும் கொம்யூன் ஆபீசுக்குப் பெயர். நான் வெகுநாள் வரை அதை யாரோ ஒரு வேதக்கார அம்மாளின் வீடு என்று நினைத்திருந்தேன்.

நாடு மட்டும்தானா, நாடு மட்டும்தானா என்று அம்மா இரண்டு தரம் கேட்டாள். பிறகு அந்தச் சுடுமணலிலேயே சப்பென்று உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. ஆனால் அம்மா சிரித்ததில் அதைச் சொல்லவே மறந்துபோனேன்.

ஊர் திரும்பியதும் செட்டியார் கடையில் ஓர் உருண்டை வெல்லம் வாங்கி உடைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். பிரான்சு தோற்றதற்கு உலகத்திலேயே இனிப்புக் கொடுத்த ஒரே பிரெஞ்சுப் பிரஜை எங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். சேதி மேரிக்கு எட்டி, குமாஸ்தா ஒருவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு விசாரிக்க வந்தார். அம்மா பயப்படவில்லை. புருஷன் வருகிற கப்பல் பத்திரமாக இருக்கிறது, அதற்குத்தான் என்று அவர் கையிலும் ஒரு துண்டை வைத்தாள். மனுஷன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனி போய் ஆடி வந்தது. ஐப்பசியும் வந்தது. கப்பல் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. வெல்லம் தின்ற குற்ற உணர்ச்சியோ என்னவோ, அந்தக் குமாஸ்தாவே ஒருநாள் வந்து விளக்கினார். இப்போது இரண்டு பிரான்சாம்: செருமானியனிடம் பணிந்து போனது ஒன்று, பணியமாட்டேன் என்று லண்டனில் போய் உட்கார்ந்தது மற்றொன்று. புதுச்சேரி லண்டன் பக்கம் சேர்ந்துகொண்டது, சைகோன் பணிந்தவர்கள் பக்கமே நின்றுவிட்டது, அதனால் இரண்டுக்கும் போக்குவரத்து இல்லை என்றார். அம்மா, "பங்காளிச் சண்டைன்னு சொல்லுங்க. அடிச்சிக்கறது அவங்க, கெணத்தப் பூட்டறது நமக்கா?" என்றாள். பிற்காலத்தில் அந்த யுத்தத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

இங்கிலீசுக்காரனோடு உறவு கூடியதில் மடுகரைப் பக்கம் இங்கிலீசு எல்லையில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் கெடுபிடி குறைந்தது என்று ஊர் சந்தோஷப்பட்டது. அம்மாவுக்கு அந்த வழியாக வர வேண்டியவர் யாருமில்லை. சைகோனில் சப்பான்காரன் புகுந்துவிட்டான் என்றார்கள், குண்டு விழுகிறது என்றார்கள். ஐந்தாம் வருஷம் உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து, போனவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று மெல்லப் பேச்செடுத்தார்கள். அம்மா நெற்றியில் குங்குமத்தை முன்னைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து அவர்கள் எதிரில் நின்றாள்.

"கவுந்தது நாடு. அதுக்கு நான் எதுக்குப் பொட்ட அழிக்கணும்? எழுந்து போய் அவங்கவங்க வூட்டு வேலயப் பாருங்க."

எழுந்து போனார்கள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அப்பா வந்தார். பாதி உடம்புதான் வந்தது என்று சொல்ல வேண்டும், அப்படி இளைத்திருந்தார். பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது எனக்கு வாங்கிய பூப்போட்ட கவுன். கப்பலேற நாள் குறித்த அந்த வருஷமே வாங்கி, பசியிலும் விற்காமல் வைத்திருந்தாராம். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, தாவணி போட்டு நின்ற என்னைப் பார்த்தார். கவுனைப் பார்த்தார். பிறகு மடிப்புக் கலையாமல் மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார், மடிக்க வரவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் வெகுநாள் கழித்து, பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. சைகோனில் பிரெஞ்சுக்காரரிடம் வேலை பார்த்தவர் என்பதால் அப்பாவுக்கு அது சுலபம், எல்லாரும் எழுதச் சொன்னார்கள். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எழுதிக் குடுக்கறவங்க கப்பலேறட்டும். நீங்க வூட்டுலயே இருங்க." அப்பா எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது புதுச்சேரிக்கு அந்தக் கப்பல்கள் வருவதில்லை. சைகோனுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு பிரான்சும் எப்போதோ ஒன்றாகி, சண்டை போட்டதையே மறந்திருக்கும். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாரீசிலிருந்து லீவுக்கு வந்து, உங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படிக் கோட்டை விட்டீர்கள் என்று என்னைக் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. அப்பா திரும்பி வந்தபின் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். அத்தனை வருஷத்தில் பக்கத்திலிருக்கும் வில்லியனூர்த் தேருக்குக்கூட அம்மா அவரைத் தனியாக அனுப்பியதில்லை.