இரும்புக் கடை மாடியில் அக்காவின் சட்டப் பள்ளி

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உங்கள் அனைவருக்கும் தம்பியாகிய நான் பணிவோடு எழுதுவது.

பலாங்கொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், கொழுந்து பறித்த அம்மாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. கொழும்பில் சட்டம் படித்து வழக்கறிஞரானதும் ஊருக்கே திரும்பிவிட்டார்.

"அங்கேயே இருந்தா நல்லா வரலாமேக்கா" என்றேன்.

"அங்க வக்கீலுங்க நிறைய இருக்காங்க தம்பி" என்றார்.

டவுனில் ஒரு சிங்கள முதலாளி தம் இரும்புக் கடையின் மாடியை வாடகையின்றித் தந்தார். கொழுந்து பறிப்பவர்களும் கடைகளில் வேலை செய்பவர்களும் ஞாயிறுதோறும் அங்கே கூடினார்கள். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, சம்பளத்தில் பிடிக்கும் சேமலாப நிதி, கைதானால் கேட்க வேண்டியவை என்று அக்கா கற்பித்தார். தோட்டங்களில் வேலைநாள் குறைந்து, பஸ் காசுக்கே வழியில்லாமல் போன காலத்தில் அவரே மலையேறி லயங்களில் வகுப்பு வைத்தார்.

மறுபடி போர் நெருங்கியது. தமிழர் நாலு பேர் கூடினாலே சந்தேகம். வகுப்பை நிறுத்தும்படி மன்றாடினேன்.

"நிறுத்தினா, தப்பு செஞ்சவங்க மாதிரி ஆயிரும்டா" என்றார்.

ஒரு ஞாயிறு, மழையால் பஸ் தாமதமாகி அக்காவும் நானும் போய்ச் சேர்வதற்குள் போலீஸார் மாடியில் இருந்தார்கள். அடையாள அட்டை கையில் இல்லாத தையற்காரர் ஒருவரை அழைத்துப் போகவிருந்தார்கள். அவர்கள் முன் நின்றவர் செல்வராணி. வகுப்புக்கு வருபவர்; தோட்டத்துக் கங்காணியிடம்கூட நிமிர்ந்து பேசாத கொழுந்துக்காரப் பெண். அவர் தெளிவான சிங்களத்தில் கேட்டார்:

"மாத்தயா, இவரை என்னத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க? எங்க வச்சிருப்பீங்க? எழுதிக் குடுங்க."

உள்ளே பாயப்போன என்னை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ பேசட்டும்."

அதிகாரி தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தார். அதன் பிறகே அக்கா முன்னால் வந்து, தையற்காரரோடு ஸ்டேஷனுக்குப் போனார். மறுநாள் மத்தியானம் தையற்காரர் வீடு திரும்பினார்.

போர் முடிந்த ஆண்டில் சிறுநீரக நோய் அக்காவைக் கொண்டுபோனது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த தாதியருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் நன்றி.

கிரியைகள் முடிந்த அடுத்த ஞாயிறு, மாடியை ஒப்படைக்கச் சாவியோடு போனேன். முதலாளி தம்மிடமிருந்த சாவியால் ஏற்கனவே திறந்துவிட்டிருந்தார். உள்ளே இடமில்லாமல் படிக்கட்டு வரை ஆட்கள். செல்வராணி பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

முதலாளி தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"சாவி வேணாம் தம்பி. நீங்களும் போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன்.