திருப்ப வழி விடாத கூடு

லால்குடியில் வாழ்ந்தவரை ரெங்கம்மாள் பார்த்த வெளியுலகம், அடுப்படி ஜன்னலுக்கு நேரே நின்ற பனைமரமும் அதில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளும்தான். கணவன் காத்தமுத்து வயலுக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிடுவான். பூட்ட மறந்த ஒரு நாளில் அவள் பஸ் ஏறி, பாலக்கரையில் இருக்கும் அண்ணன் மருதை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இங்கே ரவிக்கை தைத்தாள். மிஞ்சிய துணியில் கூடு செய்தாள். வெளித்துணியில் நார் நாராகக் கிழித்த துணியைப் பின்னுவாள். உள்துணியில், சொல்ல முடியாததை நூலால் எழுதுவாள். ஸ்ரீரங்கத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்காகச் செய்தவற்றை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். குனிந்து உள்ளே பார்த்தவர் இல்லை.

கடைசிக் கூட்டைத் தைக்கும்போதுதான் அண்ணன் போனில் பேசியது கேட்டது.

"ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விடுறேன் மாப்ள. அவளுக்கென்ன, சரின்னுதான் சொல்லுவா."

மெஷின் நிற்கவில்லை. இரண்டு துணியின் நல்ல பக்கத்தையும் உள்ளே வைத்துச் சுற்றித் தைத்தபின், புரட்டி எடுக்க இரண்டு விரல் இடம் விடவேண்டும். விடாமல் முழுக்கத் தைத்துவிட்டாள். தையல் பழகிய நாளில்கூடச் செய்யாத தப்பு.

மறுநாள் அண்ணன் சொன்னபடி சேலைகளையும் கத்திரிக்கோலையும் பையில் கட்டிக் கதவோரம் வைத்தாள். அண்ணி ஜோதி கூட்டை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"நீயா இப்படித் தச்சே? எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி முதுகைக் காட்டிக்கிட்டு வெளிய நிக்குது."

ரவிக்கை போட்டுப் பார்க்கும் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். சிரிப்பு நின்றது. கூடத்தில் இருந்த மருதைக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்: "அண்ணே, என்னை அங்க அனுப்பாதீங்க. பூட்டி வைக்கிறாரு."

மருதை எழுந்து வந்தார். "இதெல்லாம் ஊசியில சொல்ற விஷயமா? வாய் இல்லையா உனக்கு?"

"வாயாலதான் முதல்ல சொன்னேன். நீங்க டிவி சத்தத்தைக் கூட்டுனீங்க."

"ஆமாங்க, நானும் பாத்தேன்" என்றாள் ஜோதி.

மருதை இருவரையும் பார்க்காமல் போனை எடுத்தார். "மாப்ள, இந்த ஞாயிறு தோதுப்படாது. அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம்னா, அனுப்புவீங்களா?" என்றாள் ஜோதி.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ரெங்கம்மாள் கதவோரம் போய்ப் பையின் முடிச்சைத் தளர்த்தினாள். சேலைகளைத் தொடவில்லை. கத்திரிக்கோலை மட்டும் உருவி எடுத்து, மெஷின் மேல் பழைய இடத்தில் வைத்தாள்.