அண்ணன் காரின் ஆயில் சூடு

அண்ணன் காரில் வேகத்தைக் காட்டும் டயலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டயல் உண்டு. இன்ஜின் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அது காட்டும். என் திருமணத்தன்று முழங்கால் முகவாயை இடிக்கப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, முன்னால் தெரிந்ததெல்லாம் அண்ணனின் பின்னந்தலையும் அந்த டயலின் முள்ளும்தான். அந்த முள்ளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் கப்பலில் இன்ஜினியர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குள் ஓர் ஆட்டோ திரும்ப வேண்டுமென்றாலே யாராவது பைக்கை நகர்த்தியாக வேண்டும். அங்கே கொண்டுவந்து, யாரோ ஓட்டி விற்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை அவன் நிறுத்தினான். ஆயில் சூடாவதற்குள் அழுத்தி மிதித்தால் இன்ஜின் தேய்ந்துவிடும் என்பான். அளவுக்கு மீறிச் சூடானால் ஆயில் தண்ணீராகிவிடும், அப்போதும் இன்ஜினுக்குத்தான் கேடு என்பான். சரி, எங்கள் ஊரில் சரியான சூடு எங்கே வரும்? வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனால் முள் எழுந்திருப்பதற்குள் கடை வந்துவிடும். டோல்கேட் தாண்டித் திருவொற்றியூர் பக்கம் போனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வோம், முள் ஏறிக்கொண்டே போகும். பறப்பதற்கென்றே செய்த வண்டியில் நான் ஒருநாளும் வேகமாகப் போனதில்லை. "பேசாம வா பாப்பா, முள்ளப் பாத்துகினு கீறேன்" என்பான். அவனோடு போவதைவிட ஷேர் ஆட்டோ எவ்வளவோ மேல்.

கல்யாணம் மே மாதத்தில். எங்கள் பக்கத்தில் மாதா கோயிலில் திருமணப் பூசை முடிந்ததும் மண்டபம் வரை பேண்டு முன்னால் போகும், சொந்தக்காரர்கள் நடப்பார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியில் பின்னால் ஊர்ந்து வருவார்கள். காலையிலேயே அத்தை, அப்பாவின் தங்கை, காரின் முன்பக்கத்தை ரோஜாவும் சம்பங்கியும் வைத்து ஒரு விரற்கடை இடைவெளி இல்லாமல் மூடிவிட்டார். அண்ணன் பதறிப்போனான்.

"அத்தே, அங்கதான் ஆயில் கூலர் கீது. காத்து போவலன்னா சூடு ஏறிடும்."

"இன்னாடா பேசற? ஒரே தங்கச்சி கல்யாணம், மொட்டையா ஓட்டிகினு வருவியா? கலீஜா இருக்காது?"

அப்பாவும் பூவை விடச் சொன்னார். கடலில் புயலுக்கு அஞ்சாதவன், அத்தைக்கு அடங்கினான்.

பேண்டுக்காரர்கள் மூலைக்கு மூலை நின்று வாசித்தார்கள். வண்டி நடையைவிட மெதுவாகப் போனது. முள் ஏறியது. அண்ணன் முதலில் ஏசியை நிறுத்தினான். பிறகு ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டான். இன்ஜினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். மே மாத வெயிலில், பட்டுப் புடவையும் தலையில் முக்காடும் கிரீடமுமாக இருந்த என் முகத்தில் அனல் அடித்தது. மை வழிந்தது. கோட்டு சூட்டில் இருந்த என் கணவர், கல்யாணமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாத மனிதர், கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, ஒரு தடவ திரும்பி என் மூஞ்சப் பாரு" என்றேன்.

"ஒரு நிமிசம் பாப்பா. நூத்தி இருபத்தஞ்சுல நிக்குது."

திரும்பவே இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முன் சீட்டை மடக்கச் சொல்லி நடுத்தெருவில் இறங்கினேன். பேண்டுக்குப் பின்னால் நானும் கணவரும் நடந்தே மண்டபத்துக்குப் போனோம். பின்னாலேயே ஓடி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. பூவையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆயில் தணியட்டும் என்று ஓரமாக நின்றுவிட்டானாம். அவன் மண்டபத்துக்கு வந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது, படம் எடுப்பவர் கிளம்பியிருந்தார்.

அண்ணன் எப்போதும் கடலில் இருப்பவன். அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நால்வரும் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்ள வாய்த்தது அந்த ஒரு நாள்தான். மறு வருடமே அப்பா போய்விட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அப்பா, அம்மா, நான், என் கணவர். அண்ணன் இல்லை.

போன வாரம் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"வண்டியக் குடுத்துட்டேன் பாப்பா. வாங்குனவரு மெக்கானிக்க வெச்சிப் பாத்தாரு, இன்ஜின் புதுசாட்டம் கீதுன்னாரு. உன் கல்யாணத்தன்னிக்குகூட நூத்தி முப்பதத் தாண்ட வுடல நானு!"

இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அப்பா போட்டோகாரரைச் சாப்புடக்கூட வுடலண்ணா. 'வந்துடுவான், வண்டிய நிறுத்திகினு இருப்பான்'னு வாசலையே பாத்துகினு நின்னாரு. அந்த ஆளு, வேற வேலை கீதுன்னு கெஞ்சினாரு. அப்பறந்தான் நீ இல்லாம எடுத்தோம்."

அண்ணன் குரலில் இருந்த பூரிப்பு போய்விட்டது.

"இன்னா பண்றது பாப்பா" என்றான். "சூடு எறங்கவே இல்லியே."